டவுட்டு சவரியின் குற்றப்பத்திரிகை

ராயபுரத்தில் சவரிநாதன் என்று கேட்டால் ஏழு பேரைக் காட்டுவார்கள். டவுட்டு சவரி என்று கேட்டால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது ஊரில் எல்லாரும் செய்வதுதான். சவரிநாதன் பார்த்ததோடு நிற்க மாட்டார். அந்தச் சிவப்பு சாயமோ என்று கைக்குட்டையால் துடைத்தும் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால், நிஜமாகவே கூப்பிடுகிறார்களா, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த தோஷத்துக்கு நமக்கும் கொடுத்தார்களா என்று ஒரு வாரம் யோசிப்பார். கோயில் மணி ஆறு அடித்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மணியடிப்பவர் இரண்டு நிமிஷம் தூங்கிவிட்டார் என்பார்.

"இந்த ஆளு மோட்சத்துக்குப் போனாகூட உள்ள போவ மாட்டாரு. வாசல்ல நின்னுகினு அட்ரஸ் கரெக்டான்னு கேட்டுகினு இருப்பாரு" என்பது அவர் மனைவி ஃப்ளோரன்ஸின் தீர்ப்பு. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தக் குணம்தான் அவருக்குச் சோறு போட்டது. தவசிமுத்து அண்ட் கோ என்ற கிளியரிங் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட். கப்பலில் வந்து இறங்கும் கன்டெய்னர் பெட்டிகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயாரித்து, வெளியே எடுத்து, உரியவரிடம் சேர்ப்பது கம்பெனியின் தொழில். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமுமாக ஒரு நம்பர் உண்டு. அதில் ஓர் இலக்கம் பிசகினால் திருவொற்றியூருக்குப் போக வேண்டிய பெட்டி தேடுவாரில்லாமல் எண்ணூர்ப் பக்கம் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஏதாவது ஒரு யார்டில் கிடக்கும். சவரிநாதன் அடித்த காகிதத்தில் இருபத்தேழு வருஷமாக ஒரு நம்பர் பிசகியதில்லை. அடித்ததும் ஒரு முறை, கார்பன் காப்பியில் ஒரு முறை, கையெழுத்துக்கு அனுப்பும் முன் கடைசியிலிருந்து தலைகீழாக ஒரு முறை என்று மூன்று தடவை சரிபார்ப்பார். மனிதர் தன் கையையே நம்பாதவர் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அது உண்மையில்லை. அவர் இந்த உலகத்தில் முழுசாக நம்பிய ஒரே பொருள் தன் பத்து விரல்கள்தான். அதுதான் இந்தக் கதையே.

அவருடைய டைப்ரைட்டர் அவர் வேலைக்குச் சேரும்போதே கிழடு. மணி அடிக்காது, ரிப்பன் அடிக்கடி சுருண்டுகொள்ளும். எண்களில் ஒன்றுக்குத் தனி கீ கிடையாது. வலது மோதிரவிரலுக்குக் கீழே இருக்கும் ஆங்கிலச் சின்ன எல் எழுத்தையே ஒன்றாக அடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் காலத்து மிஷின்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே நிமிர்ந்து நிற்கும். யாரும் குறை சொன்னதில்லை.

1999 ஜூன் மாதம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

முதலாளி தவசிமுத்து தூத்துக்குடிக்காரர். நாற்பது வருஷம் முன்னால் வெறும் கையோடு மெட்ராசுக்கு வந்து, ஹார்பர் வாசலில் நின்று தொழில் கற்றவர். புதிதாக எது வந்தாலும் மற்ற ஏஜென்ட்டுகளுக்கு முன்னால் தன்னிடம் இருக்க வேண்டும் என்பது அவர் வெறி. ஆபீசின் ஒரு மூலையைக் கண்ணாடி போட்டு அடைத்து, ஏ.சி. மாட்டி, உள்ளே அந்தப் பெட்டியை வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி உடைத்தார். வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று ஓர் அட்டை தொங்கியது.

"கஸ்டம்ஸ் கலெக்டர் ரூமுக்கே செருப்போட போனவன் நானு. இதுக்குப் போயி இன்னாத்துக்குக் கழட்டணும்?" என்று சவரிநாதன் கேட்டார்.

"வைரஸ் மாமு. கால் வழியாதான் ஏறுதாம்" என்றான் லோகநாதன். ஹார்பருக்குள் போய்ப் பெட்டிகளை நேரில் பார்த்து நம்பர் எழுதி வருகிற கிளார்க் அவன். உலகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் அவனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

கம்ப்யூட்டரோடு ஒரு பெண்ணும் வந்தாள். பெயர் ரஹீமுன்னிசா. வயது இருபத்து மூன்று. தண்டையார்பேட்டைக்காரி. டோல்கேட்டில் மாடி மேல் இருந்த ஒரு சென்டரில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள். அவள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வந்த முதல் ஆள் அவள்தான். யார் எது கேட்டாலும் "சரி சார்" என்பாள், வேறொன்றும் பேச மாட்டாள். அதுவே சவரிநாதனுக்குச் சந்தேகமாக இருந்தது.

முதலாளி சவரிநாதனைக் கூப்பிட்டார். "இனிமே பெட்டி நம்பர் எல்லாம் இதுலதான் ஏறணும். காலையில வர்றது நீங்க அடிங்க, மத்தியானத்துக்கு மேல அந்தப் புள்ள அடிக்கட்டும். வருஷக் கடைசி வரைக்கும் டைம் தாரேன். கை பழகிட்டா இங்கனயே இருங்க. இல்லன்னா சாத்தாங்காட்டு யார்டுக்கு ஒரு ஆள் வேணும்."

சாத்தாங்காடு என்றால் இரும்பு மார்க்கெட். காலையில் வெள்ளைச் சட்டையோடு போனால் மத்தியானம் துருப்பிடித்த சட்டையோடு நிற்கலாம். லாரிக்காரன்களோடு தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில், மூட்டுவலியோடு, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த மனிதர் தகரக் கொட்டகையில் நின்று லாரி எண்ணிக்கொண்டிருப்பதா? அன்று சாயங்காலமே சவரிநாதன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் 'கம்ப்யூட்டர் குற்றப்பத்திரிகை' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்த மிஷின் செய்யும் அயோக்கியத்தனங்களை எல்லாம் தேதியோடு எழுதி வைத்து, ஒரு நாள் முதலாளி மேஜையில் போட்டு அதை வெளியே அனுப்புவது என்று திட்டம்.

நோட்டு வேகமாக நிரம்பியது. 'மவுஸ் என்ற கருவி மேஜை ஓரம் வரை வந்துவிட்டது. அம்பு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. பெரிய மேஜை கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள்' என்பது முதல் குற்றம். தூக்கி மறுபடி நடுவில் வைத்து நகர்த்தலாம் என்று ரஹீமுன்னிசா செய்து காட்டியதை அவர் எழுதவில்லை. 'கரண்ட் போனது. காலையிலிருந்து அடித்த நாற்பது நம்பரும் போனது. டைப்ரைட்டரில் கரண்ட் போனால் மெழுகுவத்தி போதும்' என்பது ஆறாவது குற்றம். 'நான் கேட்காமலே என்னைக் கேள்வி கேட்கிறது. நிச்சயமா என்கிறது. நிச்சயமில்லாமலா அடித்தேன்?' என்பது பதினொன்று. இருபத்தேழு வருஷம் பிறரைக் கேட்ட கேள்வியை ஒரு பெட்டி தன்னைக் கேட்பதை அவரால் தாங்கவே முடியவில்லை.

புத்தாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று அந்த வருஷம் பேப்பரில் அடிக்கடி செய்திகள் வரும். அவற்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டினார். டிசம்பர் முப்பத்தொன்றுக்காக அவரைப்போல ஆசையாகக் காத்திருந்தவர் மெட்ராசிலேயே இருந்திருக்க மாட்டார்.

நோட்டில் ஏறாத சங்கதிகளும் உண்டு. அவற்றையும் சொல்லாவிட்டால் கதை நேர்மையாக இருக்காது.

முதலாவது, அழிப்பது. டைப்ரைட்டரில் தப்பாக ஓர் எழுத்து விழுந்தால் வட்ட ரப்பரால் தேய்த்து, பிளேடால் சுரண்டி, துகளை ஊதி, வெள்ளை பூசி, காயவைத்து மேலே அடிக்க வேண்டும். அத்தனை செய்தாலும் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் வடு தெரியும். இங்கே ஒரு கீயைத் தட்டினால் தப்பு போய்விடுகிறது. இருந்த இடமே தெரியவில்லை. முதல் நாள் வேண்டுமென்றே தன் பெயரைத் தப்புத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து, அரை மணி நேரம் சின்னப் பையன்போல விளையாடினார். யாராவது கண்ணாடி வழியாகப் பார்த்தால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

இரண்டாவது, சீட்டு. மத்தியான இடைவேளையில் ரஹீமுன்னிசா திரையில் சீட்டு அடுக்குவதைப் பார்த்தார். "ஆபீஸ்ல சூதாட்டமா?" என்று சத்தம் போட்டார். மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால், எட்டு மணிக்கே வந்து, அதே விளையாட்டைத் தேடிப் பிடித்துத் தானே உட்கார்ந்தார். பதினேழாவது நாள் ஜெயித்தார். ராஜாவும் ராணியுமாக அத்தனை சீட்டும் துள்ளித் துள்ளித் திரை முழுக்க விழுந்ததைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சந்தோஷமாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு. பிறகு தன்னைப் பிடித்துப் போடத்தான் மிஷின் வேண்டுமென்றே தோற்றதோ என்று தோன்றியது. அதற்கப்புறம் தினமும் எட்டு மணிக்கு வந்தார். "இப்பல்லாம் கோயிலுக்குப் போறதா சொல்லிட்டு எங்கதான் போறீங்க?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

இப்படிப் பகையும் பழக்கமுமாக ஐந்து மாதம் ஓடியது. அவர் விரலுக்கு வேகம் வந்தது. ரஹீமுன்னிசாவே "சார் ஸ்பீடு எனக்கு வராது" என்றாள். இவள் எதற்குப் புகழ்கிறாள் என்று இரண்டு நாள் யோசித்தார்.

நவம்பர் முதல் தேதி முதலாளி ஒரு மாற்றம் செய்தார். அதுவரை கையால் எழுதிய பெட்டி ரிஜிஸ்தரும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. லோகநாதன் அதைத்தான் புரட்டிப் பார்த்து லாரிக்கு நம்பர் கொடுப்பான். இனி ரிஜிஸ்தர் கிடையாது. எந்தப் பெட்டி எந்த யார்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ரஹீமுன்னிசாவிடம் நம்பரைச் சொல்ல வேண்டும். அவள் அடித்துத் தேடுவாள். திரையில் அந்தப் பெட்டியின் விவரம் வரும்.

வந்தது, சில பெட்டிகளுக்கு. சில பெட்டிகளுக்கு 'அப்படி ஒன்று இல்லை' என்றது திரை.

முதல் வாரம் இரண்டு. அடுத்த வாரம் ஐந்து. அம்பத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வந்த மிஷின் சாமான் ஒன்பது நாள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கிடந்து, லோகநாதன் மணலிப் பக்கம் நான்கு யார்டு ஏறி இறங்கிக் கண்டுபிடித்தான். அந்தப் பார்ட்டி வேறு ஏஜென்ட்டிடம் போய்விட்டது. முதலாளி கண்ணாடி ரூம் வாசலில் செருப்போடு நின்று கத்தினார்.

காணாமல்போன பெட்டிகளை லோகநாதன் எழுதிப் பார்த்தான். "மாமு, ஒரு மேட்டர் கீது. காணாப் போனது எல்லாமே காலையில ஏறினது. அல்லாம் நீ அடிச்சது. மத்தியானம் அந்தப் பொண்ணு அடிச்சதுல ஒண்ணுகூட போவல."

சவரிநாதனுக்கு உச்சந்தலையில் ஏதோ திறந்துகொண்டது. அவர் காலையில் அடித்து முடித்ததும் வழக்கம்போல ஒரு பிரின்ட் எடுத்து மூன்று தடவை சரிபார்த்து வைப்பவர். அந்தக் காகிதங்களை எடுத்துப் பார்த்தார். காணாமல்போன அத்தனை நம்பரும் அதில் இருந்தன. காலையில் ஏறியது மத்தியானத்துக்கு மேல் இல்லை. மத்தியானத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்காருவது யார்? வருஷக் கடைசியில் ஒருவர் சாத்தாங்காட்டுக்குப் போனால் முழு நாளும் அந்த நாற்காலி யாருக்கு? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. வாழ்நாள் முழுக்க சந்தேகப்பட்டவருக்கு முதல் முறையாக ஒரு சந்தேகம் நிஜமாகிவிட்டது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

காகிதங்களைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தார். "நான் ஏத்துறேன். அந்தப் பொண்ணு அயிக்குது. நான் ஓடிப் போவணும்னு பண்ணுது."

முதலாளி ரஹீமுன்னிசாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் இல்லை என்றாள். அதற்குமேல் அவளுக்குப் பேச வரவில்லை. பேச வராததையே எல்லாரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் சனிக்கிழமை வந்து, அவளிடம் இருக்கும் கண்ணாடி ரூமின் இரண்டாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்றார் முதலாளி. அனுபவச் சான்றிதழ் கேட்டாள். "செஞ்ச வேலைக்கு அது வேறயா?" என்றார். ஒரு ஆபீசில் அழித்தவள் என்று பேர் வாங்கினால், கப்பல் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பீச் லைனில் வேறெந்த ஆபீசும் அவளைப் படியேற விடாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே சவரிநாதன் வந்துவிட்டார். சீட்டு ஆடவில்லை. மொத்தம் எத்தனை பெட்டியை அவள் அழித்திருக்கிறாள் என்று ஒரு கணக்கெடுத்துவிட்டால் நோட்டு பூர்த்தியாகிவிடும். பிரின்ட் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, காணாமல்போன முதல் நம்பரை அடித்துத் தேடினார்.

வந்தது. யார்டு, தேதி, பார்ட்டி பெயர், எல்லாம் வந்தது.

இரண்டாவதை அடித்தார். அதுவும் வந்தது. அம்பத்தூர்ப் பெட்டியும் சமர்த்தாக வந்து நின்றது. பன்னிரண்டு நம்பர் அடித்தார், பன்னிரண்டும் இருந்தன. அவர் நோட்டை எடுத்து, 'பயந்துபோய் எல்லாவற்றையும் திருப்பி வைத்திருக்கிறாள்' என்று எழுதினார். எழுதும்போதே எப்போது வைத்தாள் என்று ஒரு கேள்வி வந்தது. நேற்று மத்தியானமே அவளை அந்த ரூமுக்குள் விடவில்லை. அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளினார்.

ஒன்பது மணிக்கு ரஹீமுன்னிசா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இழுப்பறையிலிருந்து தன் டிபன் டப்பாவையும் சீப்பையும் எடுத்தாள்.

"வேலை போவுதுன்னதும் அல்லாத்தையும் திருப்பி வெச்சிட்ட போல. பாரு, ஒவ்வொண்ணா வருது" என்றார் சவரிநாதன்.

"எது வருது சார்?"

திரையைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே அதே நம்பரை அடித்தாள். 'அப்படி ஒன்று இல்லை' என்றது திரை.

சவரிநாதன் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தான் அடித்தார். இருந்தது. அவள் அடித்தாள். இல்லை. இன்னொரு நம்பர். அவருக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. ஏ.சி. ரூமில் அவருக்கு வியர்த்தது. மிஷின் அயோக்கியத்தனம் செய்கிறது என்று இத்தனை நாள் அவர் சொல்லிவந்தாரே, அது இப்போது ஆள் பார்த்துப் பதில் சொல்கிறது. ஆனால் சொன்னது கண்ணெதிரே நடக்கும்போது அவருக்குப் பயமாக இருந்தது.

"சார், இன்னொரு வாட்டி அடிங்க. கொஞ்சம் மெதுவா" என்றாள் ரஹீமுன்னிசா. இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள்.

நான்கு எழுத்து அடித்தார். நாலு, ஏழு அடித்தார். அடுத்தது ஒன்று. வலது மோதிரவிரல் இறங்கியது.

"சார்." அவள் குரல் மெல்லியதாகிவிட்டது. "ஒண்ணு அங்க இல்ல சார். மேல கீது. இடது பக்கம், முதல்ல."

அவர் கீபோர்டைப் பார்த்தார். பார்க்காமல் அடிப்பதுதான் ஹையர் பாஸ் செய்தவனுக்கு அழகு என்பதால் ஐந்து மாதத்தில் அவர் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. மேல்வரிசையில், இடது சுண்டுவிரல் போகும் இடத்தில், ஒன்று என்று ஒரு கீ இருந்தது. முதல் நாளிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. இருபத்தேழு வருஷமாக அந்தச் சுண்டுவிரலுக்கு அங்கே வேலை இருந்ததில்லை. ஒன்று வந்த இடத்திலெல்லாம் அவர் எல் அடித்திருந்தார். திரையிலும் பிரின்ட்டிலும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எத்தனை தடவை சரிபார்த்தாலும் சரியாகத்தான் தெரியும். மிஷினுக்கு மட்டும் வேறு. அவர் எல் அடித்துத் தேடினால் கிடைக்கும், அவள் ஒன்று அடித்துத் தேடினால் கிடைக்காது. ஒன்று இல்லாத நம்பரெல்லாம் கிடைத்தது, இருந்ததெல்லாம் தொலைந்தது.

சவரிநாதன் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்கம்மா" என்றார் அவர்.

ரஹீமுன்னிசா பரவாயில்லை என்று சொல்லவில்லை. "எங்கம்மா நேத்துலேர்ந்து சாப்பிடல சார்" என்றாள். "நான் சொன்னா முதலாளி நம்ப மாட்டாரு. நீங்கதான் சொல்லணும்." டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முதலாளி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சவரிநாதன் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு அந்த நினைப்பு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? சாத்தாங்காட்டு இரும்புத் தூசு அவர் மூக்குவரை வந்துவிட்டதே. நேற்றுவரை காணாமல்போன பெட்டிகள் முப்பதுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றாக எடுத்து, எல் எழுத்தை அழித்து, ஒன்றை அடித்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் நேராகிவிடும். வெள்ளை பூச வேண்டாம், பிளேடு வேண்டாம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் வடு தெரியாது. பெட்டி எல்லாம் தானாகத் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாம். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு வேலை கொடுக்கச் சொல்லலாம். யார் தப்பு என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ரகசியமாக அவர் ஆசைப்பட்ட அந்த அழிக்கிற கீ, வலது கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

முதல் நம்பரை எடுத்துவைத்து அழிக்கவும் போனார். கை நின்றது. அழித்துவிட்டால் அவள் அழிக்கவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது. பயந்து திருப்பி வைத்தாள் என்றுதான் சொல்வார்கள். அவர் நோட்டிலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது?

எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி பிரின்ட் எடுத்தார்.

பத்து மணிக்கு முதலாளி முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னார். இருபத்தேழு வருஷம் சந்தேகத்தையே வளர்த்த ஆபீசில் அதன் பலனை அன்றுதான் அவர் அறுவடை செய்தார். யாரும் அவரை நம்பவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி அவரையே பார்த்தார். "நேத்து அவதான் அழிச்சான்னு சொன்னது நீங்க. இன்னைக்கு இல்லங்கிறதும் நீங்க. அந்தப் புள்ள அழுதாளாக்கும்? மனசு எளகிட்டுதோ?"

"இன்னா மாமு, வூட்ல யாருனா வந்து கெஞ்சினாங்களா?" என்றான் லோகநாதன்.

சவரிநாதன் காகிதத்தை நீட்டினார். முதலாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லும் ஒன்றும் அவர் கண்ணுக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தன. "இதுல என்ன தெரியுது?" என்றார்.

"அதுல தெரியாது. என் கையப் பாருங்க" என்றார் சவரிநாதன்.

எல்லாரும் கண்ணாடி ரூமுக்கு வந்தார்கள். முதலாளி, லோகநாதன், பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ரஹீமுன்னிசா. சவரிநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க பாட்டுக்கு நம்பர் சொல்லுங்க" என்றார். முதலாளி காகிதத்தைப் பார்த்துப் படபடவென்று படித்தார், இவர் அடித்தார். ஒன்று வரும்போதெல்லாம் வலது மோதிரவிரல் எல்லில் போய் விழுந்தது. அதைத் தவிர்த்துவிடலாம் என்று இரண்டு இடத்தில் அவர் முயன்றார் என்றுகூடச் சொல்கிறார்கள். வேகத்தில் முடியவில்லை. விரல் தானாகப் போனது. பத்து நம்பர், இருபது நம்பர். இருபத்தேழு வருஷம் பெருமைப்பட்ட கையை நாலு பேருக்கு நடுவே வைத்துத் தானே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்து, கழுத்தில் வியர்வை இறங்கியது. அவமானம்தான். ஆனாலும் முதலாளி போதும் என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை.

"போதும், சவரி" என்றார் முதலாளி. அப்புறம் ரஹீமுன்னிசாவைப் பார்த்து, "சாவிய நீயே வச்சுக்க" என்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வாசலுக்கு வந்த பிறகுதான், தன் காலில் செருப்பு இருப்பதை அவர் கவனித்தார்.

டிசம்பர் வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையே சாத்தாங்காடு என்றார்கள். அம்பத்தூர்ப் பார்ட்டி போன கோபம் யார்மேலாவது இறங்கத்தானே வேண்டும். அன்று சாயங்காலம் சவரிநாதன் வீட்டில் நோட்டை எடுத்து, 'பயந்துபோய் எல்லாவற்றையும் திருப்பி வைத்திருக்கிறாள்' என்ற வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பேனாவால் அடித்ததால் கீழே இருந்தது தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டார். அதற்கு அடியில், 'குற்றம் நாற்பத்தொன்று: எஸ். சவரிநாதன்' என்று எழுதித் தேதி போட்டார்.

"இன்னா எயிதினீங்க?" என்று கேட்டாள் ஃப்ளோரன்ஸ். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டைகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்து, காக்கியில் இரண்டு வாங்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான்.

புத்தாயிரம் பிறந்தது. உலகத்தில் ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. சவரிநாதன் ஜனவரி முதல் வாரம் முழுவதும், நடிக்கிறது, மெதுவாகத்தான் காட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய புத்தி ஒரே நாளில் போகுமா?

சாத்தாங்காட்டுத் தகரக் கொட்டகையில் ஒரு போன் உண்டு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசிலிருந்து ரஹீமுன்னிசா கூப்பிடுவாள். அன்றைக்கு யார்டுக்கு வந்த பெட்டி நம்பர்களை அவர் சொல்லச் சொல்ல, அவள் அங்கே அடித்து ஏற்றுவாள். முதல் சில நாள் இருவரும் நம்பரைத் தவிர ஒன்றும் பேசவில்லை. சவரிநாதன் ஒவ்வொரு நம்பரையும் ஒருமுறை சொல்வார். அவள் அடித்துவிட்டு அடுத்தது கேட்பாள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார். "இன்னாமா, நான் சொல்றத சொல்ற மாதிரியே போட்டுகினு போற? ஒருவாட்டி திருப்பிப் படி. எனுக்கே என்மேல டவுட்டா கீது."

அந்தப் பக்கம் கீ தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு இல்ல சார். அடுத்தது சொல்லுங்க" என்றாள் ரஹீமுன்னிசா.

சவரிநாதன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி காதில் வைத்துக்கொண்டு, கையில் இருந்த தாளைப் பார்த்து அடுத்த நம்பரைச் சொன்னார். நாலு, ஏழு, ஒன்று. ஒன்று என்று சொல்லும்போது அவருடைய இடது சுண்டுவிரல் மேஜையை ஒருமுறை தட்டியது.